மிளகுக்கு ஓர் இடம்

காலை ஐந்து மணிக்குத் தேரிக்குடையின் காற்று மாறும். பழைய காற்று கூரை வழியே வெளியேறும். வடிகட்டிய புதுக்காற்று தரையோரத் துளைகளிலிருந்து சில்லென்று வரும். அந்தக் குளிர் கணுக்காலில் பட்டதும் எழுந்துவிடுவது பேச்சித்தாயின் வழக்கம். பன்னிரண்டு நாட்களாக அவளுக்கு முன்பே இன்னொரு ஜீவன் எழுந்துவிடுகிறது.

அன்றும் மிளகு எழுந்திருந்தது. பத்து வார நாய்க்குட்டி. செம்பழுப்பு உடம்பு, கரிய வாய். அது தரையை மோந்தபடி ஒரு வட்டம் அடித்தது. பேச்சித்தாய் பாய்ந்து தூக்குவதற்குள் பின்னங்கால்களை மடித்து உட்கார்ந்து, நடுக்கூடத்தில் பெய்துவிட்டது.

சுவரின் அடிப்பாகம் திறந்தது. உள்ளங்கை அளவுள்ள துடைப்பி ஒன்று ஓடிவந்து ஈரத்தை உறிஞ்சி, மணநீக்கி தெளித்து, வந்த துளைக்கே திரும்பியது. ஒன்பது நொடி. ஊரில் எல்லோரும் அதை எலி என்றுதான் சொல்வார்கள். மிளகு தான் பெய்த இடத்தை மோந்து பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. குழம்பிப்போய்ப் பேச்சித்தாயை நிமிர்ந்து பார்த்தது.

"இன்னைக்கும் உள்ளேயா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டான் அவள் கணவன் வேலாயுதம்.

"சின்னப்பிள்ளதானங்க. படிச்சுக்கிடும்."

"பன்னெண்டு நாளாப் படிக்குது."

தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் மேல் கவிழ்த்த கிண்ணம் போலக் கட்டப்பட்ட கூடுநகரம் தேரிக்குடை. வெளியே காலை ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் மனிதர் நிற்க முடியாது. அதனால் நாற்பதாயிரம் பேர் உள்ளேயே பிறந்து, உள்ளேயே வேலை பார்த்து வாழ்ந்தார்கள். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அந்த அடைபட்ட காற்றில் பூஞ்சைக் காய்ச்சல் பரவி நானூறு பேர் இறந்தார்கள். அன்று வந்தது பத்து நொடி விதி. அழுக்கோ ஈரமோ வாசனையோ, எதுவும் தரையில் பத்து நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாய் பூனை எல்லாம் வெளியேற்றப்பட்டன.

பேச்சித்தாய் காற்றுக்குழாய்ப் பழுது பார்ப்பவள். வேலாயுதமும் அதே வேலையில் இருந்தவன்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஏழாம் குழாயில், ஃபில்டருக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்திருந்தது. சென்சார் பூஜ்யம் என்றே காட்டியது. அதை நம்பி முகமூடியைக் கழற்றிய வேலாயுதத்துக்கு நுரையீரலில் பாதி போயிற்று. அதன் பிறகு அவன் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு இளைக்கும். இளைப்பதை மற்றவர்கள் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சென்சார் தவறவிடும் பூஞ்சையை நாயின் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்று மலைப்பக்கப் பண்ணைகளில் இருந்து செய்தி வந்தபோது, முதலில் மனுப்போட்டவள் பேச்சித்தாய். நகர மன்றம் கோம்பை இன நாய்க்குட்டிகள் ஆறை வரவழைத்து ஆறு வீடுகளில் கொடுத்தது. அறுபது நாள் கெடு. கடைசி வாரத்தில் ஒரு நாள் அதிகாரி வந்து காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து பார்ப்பார். அன்று ஒரு துளி வீட்டிலோ நடைவழியிலோ சிந்தினாலும் குட்டி திரும்பிப் போகும். ஆறும் தவறினால் தடை நிரந்தரம். பன்னிரண்டாம் நாளுக்குள் மூன்று வீட்டார் குட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பேச்சித்தாய் வேலை முடிந்து வந்தபோது மிளகு கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. கூப்பிட்டும் வரவில்லை.

"என்ன செஞ்சிய?"

வேலாயுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சத்தம் போட்டேன். என் கண்ணு முன்னாலயே பெஞ்சா? அப்புறம் பெய்யவே இல்ல. அடங்கிருச்சு பாரு."

பேச்சித்தாய் குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் எலி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

"அடங்கல. ஒளிஞ்சுக்கிட்டுப் பெய்யுது. உங்களப் பாத்தாப் பயம்னு மட்டும் படிச்சிருக்கு."

வெகுநேரம் கழித்து வேலாயுதம் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். கால்மணி நேரம் சென்று மிளகு ஊர்ந்து வந்து அவன் விரலை நக்கியது.

பழைய ஏடுகளில் நாய் வளர்ப்பைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் பேச்சித்தாய் படித்திருந்தாள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பெய்தால் உடனே கொஞ்ச வேண்டும். அடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ஆனால் எல்லா ஏட்டிலும் இருந்த இன்னொரு வரியை அவள் கவனிக்காமல் விட்டிருந்தாள். நேற்றைய வாசனைதான் இன்று குட்டியை அங்கே அழைக்கும். தேரிக்குடையில் நேற்றைய வாசனை என்று ஒன்று கிடையாது.

மறுநாள் அவள் தூய்மை அலுவலர் ரஹ்மத்நிசாவின் முன் போய் நின்றாள். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. மெல்லிய மூக்குமூடி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"ஒரு சதுர மீட்டர் மண்ணு வேணும் மேடம். அதை எலி துடைக்கக் கூடாது."

"முடியாது."

"நான் சொல்லுதது..."

"பேச்சித்தாய், காய்ச்சல் வந்தப்ப எனக்குப் பத்து வயசு. எங்க உம்மாவ அஞ்சு நாள்ல கொண்டு போயிருச்சு. இந்த ஊருல ஒரு ஈரம் பத்து நொடி நிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேச்சித்தாய் மேசைமேல் இருந்த நகரப் படத்தில் விரலை வைத்தாள். "இது வெளிமூச்சு அறை. பதினோராவது தளம். ஊர்க்காத்து எல்லாம் கடைசியா இங்க வந்து வெளிய போவுது. உள்ள திரும்பாது. முப்பது வருஷமா இதுல எலி கிடையாது, ஏன்னா ஆள் கிடையாது. இங்க எது நாறினாலும் ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது. நான் குழாய்க்காரி மேடம். காத்து எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும்."

ரஹ்மத்நிசா படத்தை வெகுநேரம் பார்த்தார். "வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்?"

"நடையும் லிஃப்டுமா நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷம் ஒரு குட்டி அடக்குமா?"

"படிச்சுக்கிடும்."

அலுவலர் கையெழுத்திட்டார். வாராவாரம் காற்று மாதிரி எடுத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மண்ணுக்கு அவள் எங்கும் போகவில்லை. நகரத்தின் ஃபில்டர்களில் தினமும் சேரும் தேரிச் செம்மண்ணை அவள்தான் தட்டி வெளியே கொட்டுகிறவள். இந்த முறை இரண்டு மூட்டையை மேலே கொண்டுபோய் ஒரு பெரிய தட்டில் பரப்பினாள்.

மிளகு அதன்மேல் ஏற மறுத்தது. மின்விசிறியின் உறுமலுக்குப் பயந்து நடுங்கியது. வீட்டுக்கு வந்ததும் நடுக்கூடத்தில் பெய்தது.

அப்போதுதான் பேச்சித்தாய் அதைச் செய்தாள். கையில் துணியோடு காத்திருந்து, மறுமுறை மிளகு உட்கார்ந்த நொடியில் எலியை முந்திக்கொண்டு ஈரத்தின்மேல் துணியைப் போட்டாள். எலி துணியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது. அவள் விடவில்லை. தரையில் முழங்காலிட்டு ஒரு பெண் ஓர் இயந்திரத்தோடு மூத்திரத் துணிக்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்து, மூன்று வருடங்களில் முதல்முறையாக வேலாயுதம் சிரித்தான். சிரித்து இருமினான். இருமிக்கொண்டே காலை நீட்டி எலியைத் தடுத்தான். "கொண்டு போ! ஓடு!"

துணியைச் செம்மண்ணில் புதைத்தாள். மிளகு நெருங்கி வந்தது. மோந்தது. தன்னுடைய வாசனையை வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது போல அதன் காதுகள் நிமிர்ந்தன. ஒரு வட்டம். இரண்டு வட்டம். பிறகு உட்கார்ந்தது.

"சமத்து! எஞ் சமத்து!" பேச்சித்தாயின் கத்தல் விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவித்த முட்டையில் ஒரு விள்ளல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் எளிதாக இல்லை. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை மேலே போக வேண்டும். பேச்சித்தாய்க்கு வேலை இருந்தது. முதல்நாள் அவள் கிளம்பும்போது மிளகின் கயிறு வேலாயுதத்தின் மடியில் கிடந்தது. மாலையில் திரும்பி வந்தபோது அவன் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது.

லிஃப்ட் வரை நாற்பது எட்டு வைக்க வேண்டும். அவன் இருபதாவது எட்டில் நின்று மூச்சு வாங்குவான். மிளகும் நிற்கும். எதிரே வருகிறவர்கள் அவன் இளைப்பதைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தார்கள். இருபத்தைந்தாம் நாள் லிஃப்டில் ஒரு தவறு. முப்பத்தோராம் நாள் வாசலில் ஒன்று. சத்தம் போடாமல், "அடுத்த தடவ பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே அழைத்துப் போனான். நாற்பதாம் நாள் மிளகு தானாகவே போய்க் கதவருகே உட்கார்ந்து அவனைத் திரும்பிப் பார்த்தது. அன்று பேச்சித்தாய் வேலையிலிருந்தபோது அவன் மூன்று முறை அழைத்து இதே செய்தியைச் சொன்னான்.

ஐம்பத்தேழாம் நாள் காலை எட்டு மணிக்கு ரஹ்மத்நிசா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். நண்பகல் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று முறை மேலே போனார்கள், மூன்று முறையும் அலுவலர் பின்னால் வந்து, வெளிமூச்சு அறைக்கு வெளியிலேயே நின்று குறித்துக்கொண்டார். பிறகு மிளகு தின்றுவிட்டுத் தூங்கியது.

அது தூங்கும்போது சங்கு ஊதியது. முன்னறிவிப்பில்லாத காற்றழுத்தச் சோதனை. குழாய்க்காரர்கள் எல்லோரும் அடித்தளத்துக்கு வரவேண்டும். பேச்சித்தாய் ஓடினாள். லிஃப்டுகள் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டன.

சங்குச் சத்தத்தில் மிளகு விழித்துக்கொண்டது. நேரே கதவுக்குப் போய் உட்கார்ந்து வேலாயுதத்தைப் பார்த்தது.

"லிஃப்ட் இல்லைன்னு எழுதிக்கிடுறேன்," என்றார் ரஹ்மத்நிசா. "இந்தத் தடவை உள்ளே போனாலும் கணக்குல சேர்க்க மாட்டேன்."

வேலாயுதம் செருப்பைப் போட்டான். "நீங்க சேக்க மாட்டிய மேடம். ஆனா அதுக்கு அது தெரியாதே."

"ஆறுல இருந்து பதினொண்ணு. அஞ்சு மாடி. உங்க மருத்துவக் குறிப்ப நான் படிச்சிருக்கேன். கயிற எங்கிட்டக் குடுங்க."

"உங்ககூட வராது. நாந்தான் வேணும் அதுக்கு." சொல்லிவிட்டுத் தானே அதைக் கேட்டவன் போலச் சற்று நின்றான். பிறகு படிக்கட்டுக் கதவைத் தள்ளினான்.

முதல் மாடியை அவன் ஒரே மூச்சில் ஏறினான். இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மிளகு நாலு படி முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கும். இறங்கி வந்து அவன் காலடியில் நிற்கும். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவனுக்குக் கண் இருட்டியது. படியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சுக்குள் கிழிந்த துருத்தி போலச் சத்தம் வந்தது.

மிளகு முனகியது. தரையை மோந்து ஒரு வட்டம் அடித்தது. சுவரோரத்தில் எலியின் துளை திறக்கத் தயாராக மினுங்கியது. ரஹ்மத்நிசா பேனாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"பொறு," என்றான் வேலாயுதம். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "கொஞ்சம்... பொறுடே."

மிளகு வட்டமடிப்பதை நிறுத்தியது. உடம்பு முழுவதும் நடுங்க, வாலைக் கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தது. அந்தப் பார்வை அவனை எழுப்பிவிட்டது. எழுந்தான். ஒரு படி. நின்று ஒரு மூச்சு. இன்னொரு படி. கடைசி மாடியின் பதினெட்டுப் படிகளுக்கு ஏழு நிமிடம் ஆயிற்று.

வெளிமூச்சு அறையின் கதவு திறந்ததும் மிளகு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு செம்மண்ணில் பாய்ந்தது. நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. வேலாயுதம் சுவரில் சாய்ந்து சரிந்தான். சமத்து என்று சொல்ல உதடுகள் அசைந்தன. சட்டைப்பையில் துழாவி முட்டை விள்ளலை எடுத்து நீட்டினான்.

இந்த முறை ரஹ்மத்நிசா அறைக்குள் வந்திருந்தார். மண்தட்டின் அருகே நின்று மூக்குமூடியைக் கழற்றினார். முகம் சுளித்தது. "நாத்தமாத்தான் இருக்கு," என்றார். ஆனால் மூடியைத் திரும்பப் போடவில்லை. கொஞ்சம் குனிந்து, ஓரத்துச் செம்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தார்.

வீட்டில் யாரும் இல்லாததைக் கண்டு, பதினோரு மாடியும் படியேறி ஓடிவந்த பேச்சித்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவனின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. நாய் அவன் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"ஏறியா வந்திய?" என்றாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டிய விதத்தில், ஏழாம் குழாய்க்கு முந்தைய வேலாயுதம் இருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரஹ்மத்நிசா படிவத்தைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். "தடையை எடுக்கச் சொல்லி எழுதுறேன். ஊர்ல ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒரு அறை வேணும்னும் எழுதுறேன். திருப்பிக் கொடுத்த மூணு குட்டியையும் வரவழைக்கணும். அந்த வீட்டுக்காரங்க மேல குத்தமில்லை. அதுகளுக்குக் கத்துக்க நாம இடமே கொடுக்கல." அடுத்த வரிக்கு வந்தார். "பயிற்சியாளர் பெயர். பேச்சித்தாய்தானே? மனுவுல உங்க பேருதான் இருக்கு."

"இல்ல மேடம்," என்றாள் பேச்சித்தாய். "அவுக பேர எழுதுங்க."

வேலாயுதம் அவளை நிமிர்ந்து பார்த்தான். மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். பிறகு சுவரில் கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்று, சட்டையின் கசங்கலை இழுத்துச் சரிசெய்துகொண்டான். மூச்சு சீராகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இனிஷியலோட எழுதுங்க மேடம்," என்றான். "சு. வேலாயுதம்."