கடைசி மடக்கு

கதவைத் திறந்ததுமே பால் தீய்ந்த வாடை அடித்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. 'மறந்துபோய்த் தீயவிட்டு, தேய்த்து மறைத்திருக்கிறார்' என்று புருஷனைப் பற்றி நினைத்தபோது, 'நான் பயந்தது சரிதான்' என்று மனசின் மூலையில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று கூசிப்போனாள்.

அவளுக்கு மரபணுப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எச்சிலைச் சோதித்து, எந்த நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று அங்கே மதிப்பெண் போட்டுத் தருவார்கள். பயந்து வருகிறவர்களுக்கு அதை விளக்குவது அவள். "இது ஜோசியம் இல்லீங்க. மழை வரலாம்னா குடை எடுத்துக்கறோம்ல, அவ்வளவுதான்" என்று நாள் முழுக்கச் சொல்வாள். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். மாமனார் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போனவர். அந்தப் பயம் அரித்து அரித்து, ஒருநாள் புருஷன் டீ குடித்த டம்ளரின் விளிம்பைப் பஞ்சால் துடைத்து, வேறு பெயரில் சோதனைக்குச் சேர்த்துவிட்டாள். மறதி நோய்க்கான மதிப்பெண் உச்சத்தில் வந்தது. அவரிடம் மூச்சு விடவில்லை. அவர் வழி தவறிவிடக் கூடாதென்று வண்டிச் சாவியை ஒளித்தாள். நாத்தனாரிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

கூடத்தில் அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தும் விளக்குப் போடவில்லை; காகிதம் புரளும் ஓசையும் மின்விசிறியின் கிறீச்சும் அந்தத் தீய்ந்த வாடையுமாக அறையே அவளுக்காகக் காத்திருந்தது.

"என் தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா," என்றார், தலை நிமிராமல்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "தப்புதாங்க. உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"அது போகட்டும். எச்சிலை எதுலேர்ந்து எடுத்தே?"

"உங்க டீ டம்ளர்ல."

பேனாவை வைத்தார். "நான் மிச்சம் வைக்கிற கடைசி மடக்கை நீதானேம்மா தினமும் குடிப்பே?"

கல்யாணமான புதிதில் தொற்றிய பழக்கம். அன்றைக்கும் கை தன்னால் டம்ளரை எடுத்தது, வாய் தன்னால் குடித்தது. அப்புறம்தான் துடைத்தாள். அப்படியானால் அந்த மதிப்பெண் யாருடையது?

"பால் தீய்ஞ்சு நாறுது, முதல்ல ஜன்னலைத் திறங்க," என்றாள், பேச்சை மாற்ற.

"எனக்கு ஒண்ணும் நாறலையே. இன்னிக்குப் பாலே வாங்கலம்மா."

அவர் குரலில் இரக்கம் இருந்தது. இத்தனை நாள் அவரை வேவு பார்த்த கண்ணை எங்கே வைத்துக்கொள்வது? குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பேச்சுக் குரல். குழாயை மூடினாள். அவர் குரல். கூடவே ஒரு பெண் குரல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தேற்றியபடி வெளியே வந்தாள்.

அவர் எழுந்து நின்றார். மாணவர்களின் பெற்றோருக்கு வைத்திருக்கும் மரியாதைச் சிரிப்பு. "சொல்லுங்க, யாரைப் பாக்கணும்?"

"என்னங்க... நான்தான்..."

சமையலறையில் பாத்திரச் சத்தம். காலடி. ஈரக் கையைத் துடைத்தபடி ஒருத்தி வந்தாள்.

அவள் உடுத்தியிருந்த அதே உடை. அவளுடைய அதே முகம்.

"யாருங்க இவங்க?" அதே குரல்.

"தெரியலையே," என்றார் அவர். "உங்க பேர் என்னம்மா?"

வாய் திறந்தாள். பேர் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தோளில் மெல்லக் கை வைத்து அவளை உட்காரவைத்தாள்.

"பயப்படாதீங்க," என்றாள். "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க."