கூட்டலில் ஒரு பிழை

டெலிபோன் அலறியபோது சிறை சூப்பிரண்டு பாதி முகம்தான் சவரம் செய்திருந்தார்.

காலை எட்டு பத்து.

வலது கன்னம் பளபளத்தது. இடது கன்னத்தில் நுரை.

"சார்... ரைட்டர் பேசறேன். கணக்கு இடிக்குது சார்."

கையிலிருந்த ரேசர் வாஷ்பேசினில் விழுந்தது. இருபத்தாறு வருட சர்வீசில் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவர் பயந்து பயந்து தூங்கியிருக்கிறார்.

"எத்தனை பேர் ஓடிட்டானுங்க?"

"யாரும் ஓடல சார்."

"அப்புறம் என்னய்யா?"

"ஒருத்தன்... அதிகமா இருக்கான்."

சூப்பிரண்டு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"காலங்காத்தால விளையாடறியா?"

"ரிஜிஸ்டர்ல எழுநூத்திப் பன்னெண்டு சார். உள்ள எழுநூத்திப் பதிமூணு தலை. மூணு தடவை எண்ணியாச்சு."

"யாரு எண்ணினது?"

"புது வார்டர் சார். நேத்துதான் நம்ம மேற்படியார் ரிட்டையர் ஆனாரு. இன்னிக்கு வந்தவன் விவரம் தெரியாதவன். நெஜமாவே எண்ணிட்டான்."

மேற்படியார் என்பது பெரிய வார்டருக்குச் சிறையே சேர்ந்து வைத்த பெயர். தினமும் காலையில் ஆபீஸ் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொண்டு, கைதிகள் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், எண்ணிக்கைப் புத்தகத்தில் 'மேற்படி சரி' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போகிற மகராசன்.

சிறையிலிருந்து வெளியே தப்பிப்பார்கள். தெரியும். உள்ளே எவன் தப்பித்து வருவான்?

சட்டென்று சூப்பிரண்டுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

"யோவ்... இன்னிக்கு பதினொரு மணிக்கு நீதிபதியம்மா இன்ஸ்பெக்ஷன் வராங்க இல்ல?"

"ஆமா சார்... ஐயோ... அந்த மொட்டைக் கடுதாசி!"

போன வாரம் நீதிபதி அம்மாளுக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வந்திருந்தது. அதன் நகல் சூப்பிரண்டின் மேஜையில் இருந்தது. இரண்டே வரி.

'நீங்க அனுப்பின ஆள் இன்னும் வந்து சேரல. பதில் சொல்லாம தப்பிக்க முடியாது.'

அம்மாளைக் கொல்ல யாரோ எவனையோ அனுப்பியிருக்கிறான், கடிதம் விலாசம் மாறி வந்துவிட்டது என்று போலீஸ் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அந்த எவனோ இப்போது வந்து சேர்ந்துவிட்டானா?

டவலால் நுரையைத் துடைத்தார். பாதி தாடியோடு ஜீப்பில் தாவினார்.

*

முந்நூறு பேருக்குக் கட்டிய சிறை அது. எழுநூற்றுச் சொச்சம் பேர் மைதானத்தில் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். சுற்றிலும் துப்பாக்கி வார்டர்கள்.

சூப்பிரண்டு மைக்கைப் பிடித்தார்.

"பேர் வாசிக்க வாசிக்க உட்காரணும். அசைஞ்சா சுடுவேன்."

ரைட்டர் வாசித்தார்.

ஒருவன் உட்கார்ந்தான். அடுத்தவன் உட்கார்ந்தான். ஐம்பது... நூறு... முந்நூறு...

மணி ஒன்பதே முக்கால்.

வாசித்து வாசித்து ரைட்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புது வார்டர் தண்ணீர் கொடுத்தார். அறுநூறு... எழுநூறு...

மணி பத்து இருபது.

"எழுநூத்திப் பன்னெண்டு. அவ்வளவுதான் சார்."

மைதானம் முழுக்க உட்கார்ந்திருந்தது.

ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்!

நெட்டையான ஆள். தலையில் பாதி நரை. கையில் நீளக் கம்பு கட்டிய துடைப்பம். சட்டைக்குள்ளே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"கையத் தூக்கு!"

துடைப்பத்தோடு தூக்கினான்.

"சட்டைக்குள்ள என்ன?"

"பேப்பர் சார்."

புது வார்டர் பாய்ந்து சட்டைக்குள் கையை விட்டார். பிளாஸ்டிக் உறை வந்தது. உறைக்குள் நான்காக மடித்த காகிதம். கத்தி இல்லை. கபடா இல்லை.

சூப்பிரண்டு பிரித்தார்.

கோர்ட் முத்திரை. தீர்ப்பு நகல். தேதி, போன வருடத்துத் தேதி.

'...பெயிண்டர் வேலை பார்த்த வீட்டிலிருந்து இரண்டு டப்பா பெயிண்ட் எடுத்ததை எதிரி ஒப்புக்கொள்கிறார். சிறைத் தண்டனைக்குப் பதிலாக, வீட்டிலிருந்து தினமும் வந்து ஆறு மாத காலம் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவைக் கூட்ட வேண்டும். உடனே விடுவிக்கவும்...'

காகிதத்தின் கீழே, 'பார்வையிட்டேன்' என்று ஒரு கையெழுத்து.

சூப்பிரண்டின் கையெழுத்து.

அவர் காகிதத்தைச் சட்டென்று மடித்தார்.

*

ஆபீஸ் அறைக் கதவைச் சாத்தினார்கள். சூப்பிரண்டு, ரைட்டர், பெயிண்டர். மூன்றே பேர்.

ரைட்டர் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார்... ஞாபகம் இருக்கா? அப்போ உங்ககிட்ட வந்து கேட்டேன். ரிஜிஸ்டர்ல மூணு கட்டம்தான் இருக்கு. தண்டனை, விடுதலை, மாற்றம். 'ஆஸ்பத்திரியில கூட்டணும்'னு ஒரு தீர்ப்பு இதுவரைக்கும் வந்ததே இல்ல, எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'எதுலயாவது எழுதித் தொலைய்யா'ன்னீங்க."

ஞாபகம் வந்தது. அன்று மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அந்த அவசரம்.

"நான் மாற்றம்னு போட்டு, பக்கத்துல ஆஸ்பத்திரின்னு எழுதிட்டேன். கணக்குல ஒண்ணு குறைஞ்சுது. வண்டி வந்து கூட்டிட்டுப் போயிருக்கும்னு நான் நெனச்சேன். நீங்க அனுப்பிட்டீங்கன்னு வண்டிக்காரங்க நெனச்சுட்டாங்க. மேற்படியார் எதையும் நெனைக்கல."

"மேற்படி சரி."

"ஆமா சார்."

சூப்பிரண்டு பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

"யோவ், பதினோரு மாசமா உள்ள இருக்கே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"பெரிய வார்டர்கிட்ட சொன்னேன் சார். ஜட்ஜம்மா கூட்டச் சொல்லியிருக்காங்கன்னேன். துடைப்பத்தைக் குடுத்தாரு. ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் இங்கயே கூட்டுன்னாரு. ஆறு மாசம் ஆனதும் கேட்டேன். பேப்பர் வரும், கூட்டிட்டே இருன்னாரு."

"அவர் சொன்னதைக் கேட்டுட்டு சும்மா இருந்தியா?"

"தப்பு செஞ்சவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் சண்டை போடறது?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் தெனமும் கூட்டினேன் சார். நீங்கதான் ஒரு நாளும் கூட்டிப் பாக்கல."



மணி பத்து நாற்பது.

ரைட்டர் சூப்பிரண்டின் காதருகே குனிந்தார்.

"சார், வழி இருக்கு. நோட்டீஸ் போர்டைப் பாருங்க."

ஜன்னல் வழியே தெரிந்தது. சிறை வாசலின் உள்பக்க நோட்டீஸ் போர்டில் ஒரு மங்கலான போட்டோ. 'ஆஸ்பத்திரி சேவைக்கு வராமல் தலைமறைவு. கண்டால் தகவல் கொடுக்கவும்.' அதே நெட்டை முகம். அந்தப் போர்டுக்குக் கீழேதான் அவன் பதினோரு மாதமாகக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒரு பயலும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து பார்க்கவில்லை.

"இவனை வெளிய தள்ளி, தலைமறைவு ஆசாமியை கேட்ல வச்சுப் பிடிச்சோம்னு எழுதிடலாம் சார். புதுக் கைதியா சேத்துக்கலாம். எழுநூத்திப் பதிமூணும் சரியாப் போயிடும். உங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கிடைக்கும்."

சூப்பிரண்டு பேனாவை எடுத்தார்.

எடுக்கத்தான் செய்தார். இன்னும் மூன்று வருடத்தில் பென்ஷன். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறும்.

மூடியைத் திறந்தார்.

"சார்," என்றான் பெயிண்டர் தயங்கி, "என் வீட்டுக்காரி என்னைத் தேடி வந்துச்சா சார்? தீர்ப்பு வந்ததுக்கப்புறம் மனுப் போட்டுப் பாக்கவே வரல. கோவம் போலிருக்கு."

பேனா நின்றது.

வந்தாள். சூப்பிரண்டுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நீலப் புடவை. கேட்டில் மூன்று மணி நேரம் நின்றாள். ஜீப்பை மறித்தாள். ரிஜிஸ்டரில் மாற்றம் என்று இருக்கிறது, ஆஸ்பத்திரி வரவில்லை என்கிறது. கண்ணாடியை இறக்கி அவரே தன் வாயால் சொன்னார்...

'உன் புருஷன் உன்னை விட்டுட்டு ஓடிட்டான்மா. இனிமே இங்க வந்து நிக்காத.'

அவள் அழவில்லை. 'அவரு ஓடற ஆள் இல்ல சார்' என்றாள். அவர் சிரித்தார்.

சிரித்தோமே! சூப்பிரண்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளே திருடர்களையும் கொலைகாரர்களையும் வைத்துப் பூட்டியவர், யார் முகத்திலும் விழிக்க முடியாத மாதிரி வெட்கப்பட்டது இப்போதுதான்.

பேனாவை மூடினார்.

"ரைட்டர்... இவருக்கு உட்கார நாற்காலி போடுய்யா."

வெளியே கார் ஹாரன் கேட்டது.

*

நீதிபதி அம்மாள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்ன சூப்பிரண்ட், ஒரு பக்கம் மட்டும் லீவா?"

"அம்மா... நான் ஒரு தப்பை ஒத்துக்கணும்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். சாப்பாடு ஆறியது, ஜீப் கண்ணாடி, திறந்து மூடிய பேனா எல்லாவற்றையும். ரைட்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

நீதிபதி கைப்பையிலிருந்து அந்த மொட்டைக் கடிதத்தை எடுத்தார். பெயிண்டரிடம் நீட்டினார்.

"இது யார் எழுத்துன்னு தெரியுதா?"

அவன் பார்த்ததும் சிரித்துவிட்டான். "எங்க வீட்டுக்காரி எழுத்தும்மா. எந்தக் கடுதாசிலயும் பேரு போட மறந்துடும்."

'நீங்க அனுப்பின ஆள் இன்னும் வந்து சேரல.'

கொலைமிரட்டல் இல்லை. ஒரு பெண்டாட்டி, புருஷனை எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

நீதிபதி கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சூப்பிரண்ட், நீங்க எனக்கு ஒரு லெட்டர் எழுதினீங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அதைத்தான் அவர் சொல்லாமல் விட்டிருந்தார்.

"நானே படிக்கறேன். 'இங்கிருந்து அனுப்பியாகிவிட்டது. முதல் ஆளே தலைமறைவு. இவர்களுக்கெல்லாம் உள்ளே போட்டால்தான் புத்தி வரும். வெளி வேலைத் திட்டம் உதவாது.' இதை நான் நம்பினேன். திட்டத்தையே நிறுத்தினேன். ரைட்டர், அதுக்கப்புறம் சின்னச் சின்னத் திருட்டுக்கு நான் எத்தனை பேரை உள்ள அனுப்பியிருக்கேன்?"

"அறுபத்தி நாலு பேரும்மா."

"தீர்ப்பே வராம இருக்கறவங்க?"

"நானூத்திச் சொச்சம். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாதவங்க, வாய்தாவுக்குக் கூட்டிட்டுப் போக வண்டி இல்லாதவங்க... இவர் மாதிரி பேப்பர்ல தொலைஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களான்னு பாக்கணும்மா."

"ஊர்ல குத்தம் பெருகிப் போச்சு, அதனாலதான் ஜெயில் நிரம்பி வழியுதுன்னு போன மாசம்தான் ஒரு கூட்டத்துல பேசிட்டு வந்தேன்." நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கை தட்டினாங்க. எனக்கும் சேத்துத்தான் வெட்கமா இருக்கு."

டெலிபோனைப் பெயிண்டர் பக்கம் தள்ளினார்.

"வீட்டுக்குப் பேசுங்க."

அவன் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். மறுமுனையில் குரல் கேட்டதும் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான்தான்..."

அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எங்கய்யா இருக்கே?"

"போன எடத்துலயேதான் இருக்கேன்."

"பாவி மனுஷா... பிணவறை வரைக்கும் போய்ட்டேன்யா. மூணு பேரு முகத்துத் துணிய விலக்கிப் பாத்துட்டேன்."

சூப்பிரண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் பாதி தாடியோடு ஒரு முகம் தெரிந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

*

சூப்பிரண்டு சஸ்பெண்ட் ஆனார். அவர் மேல் போட்ட வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போனது. குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அறுபத்து நாலு பேரில் நாற்பத்தொன்பது பேரை வெளி வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேர் வராமல் டிமிக்கி கொடுத்தார்கள். நாற்பத்தேழு பேர் வந்தார்கள். ரிஜிஸ்டரில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டாயிற்று. புது வார்டர் தினமும் எண்ணுகிறார்.

சூப்பிரண்டுக்குத் தீர்ப்பு வந்தபோது எல்லோரும் சிறை என்றுதான் நினைத்தார்கள்.

ஆறு மாதம்... அரசு ஆஸ்பத்திரி வராந்தா!

முதல் நாள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூட்டினார். வராந்தாச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த நெட்டை ஆள் ஏணி மேலிருந்து குனிந்து பார்த்தான்.

"மூலைய விட்டுட்டீங்க சார்."

துண்டை அவிழ்த்துவிட்டு மூலையைக் கூட்டினார்.

இரண்டாம் நாள் காலை. முழு முகமும் சவரம் செய்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார். அவர் ஒருவர் மட்டும்தான் வரிசை. நர்சம்மாவுக்கு ஆயிரம் வேலை.

"நேத்து மாதிரிதானே சார்? நீங்க போங்க, நான் மேற்படின்னு போட்டுக்கறேன்."

"ஐயையோ, வேண்டாம் சிஸ்டர்," என்றார் முன்னாள் சூப்பிரண்டு, துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "தயவுசெஞ்சு எண்ணிப் பாத்து எழுதுங்க. ஒருத்தன்தான் இருக்கேன்... கூட்டறது சுலபம்!"