கூரையில் ஒரு பிடி ஓலை

ஒரு மாதமாகச் செபேரினோவின் வலை ஊஞ்சலுக்கு அடியிலேயே கிடந்த நாய், இன்று சாயங்காலம் எழுந்து வந்து அவர் மனைவி ஃபிதேலியாவின் ஊஞ்சலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. சாகப்போகிறவரை விட்டு நாய் நகராது, செத்த பிறகு மறு உலகத்து ஆற்றைக் கடக்க அதுதான் துணை. அவர் இன்னும் சாகவில்லை. சுவரோரம் மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. அவரைப் புரட்டிப் போட்டு, துணி அலசி, சோளக்கஞ்சி ஊட்டி, கையெல்லாம் மரத்துப்போயிருந்தது. ஒரு ராத்திரி தூங்கினால் போதும்.

இன்று காலையில்தான் நாத்தனார் ருஃபினா ஏணி போட்டு ஏறி, அண்ணன் தலைக்கு நேரே கூரையிலிருந்து ஒரு பிடி ஓலையை உருவினாள். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் அப்படித்தான் அது வெளியேற வழிவிடுவார்கள்.

"அண்ணனும் போய்ச் சேரட்டும், நீங்களும் கொஞ்சம் கண்ண மூடுங்க அண்ணி. இப்ப உங்களப் பாத்தா யாரு நோயாளின்னே தெரியல."

"சீக்கிரம் முடிஞ்சா சரி," என்றாள் ஃபிதேலியா. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மழை. ஓட்டை வழியாக அவர் முகத்தில் சொட்டியது. இரண்டு பேருமாக அவர் ஊஞ்சலை அவிழ்த்துச் சுவரோரம் கட்டினார்கள். ருஃபினா வீட்டுக்குப் போனாள். மழை விட்டதும், காலியாக இருந்த கம்பங்களில் தன் ஊஞ்சலைக் கட்டி அதில் விழுந்தாள் ஃபிதேலியா. வேறு இடம் பார்க்க யாரால் முடியும்?

இப்போது ஈர ஓலையின் வாசனையையும் அணையாத சாம்பிராணிப் புகையையும் விலக்கிக்கொண்டு, கிணற்றில் எலி செத்து ஊறினாற்போல் ஒரு நாற்றம் மெல்ல மெல்ல மேலிருந்து இறங்கியது. நோயாளி வீட்டைச் சுற்றி வரும் சாவுத்தெய்வம் யும் கிமில் வந்தால் நாற்றம்தான் முதலில் வரும். பிறகு அவன் கழுத்துச் சலங்கை. அவருக்காக வந்துவிட்டான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜல்.

கூரைமேல். ஜல்.

சுவரோரம் இருமல் கேட்டது. செபேரினோ எழுந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் காய்ச்சல் விட்ட வியர்வை.

"பசிக்குதுடி. கஞ்சி இருக்கா?"

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. எந்த இடத்தில் படுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அடியில் நாய் எழுந்து நின்றது.

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடி மேல? ஓட்டைய இன்னும் பெருசாக்குறது?"

அவள் முகத்தில் ஓலைத் துணுக்குகள் விழுந்தன. சதையில்லாத விரல்கள். ஒரு பிடி. இன்னொரு பிடி. நிதானமாக உருவிக்கொண்டிருந்தன.