மூவாயிரம் உபசாரங்கள்

காலை ஷிஃப்டுக்கு வந்ததும் குரல்பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும், பூவராகன் சரளமாகச் சீனம் பேசுவான். ஓசூர் மின்கலத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர்கள் எல்லோரும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் பேசுவதைப் பட்டை கேட்கும். தன்னிடமுள்ள மூவாயிரம் சீன உபசார வார்த்தைகளில் பொருத்தமானதைப் பொறுக்கி, தொண்டை நரம்பைத் தூண்டி, அணிந்தவன் குரலிலேயே சொல்லிவிடும். அவன் வாயைத் திறந்து சிரித்த முகமாக நின்றால் சரி. அர்த்தமா? அதைப் பட்டை அவனுக்குச் சொல்லாது; அது யாருக்கு வேண்டும்! பட்டை காலருக்குள் மறைந்திருந்தது. மேற்பார்வையாளர்கள் சீனம் படித்தவர்கள் என்றே நிர்வாகம் அங்கே வேலை பார்க்கும் சீனர்களிடம் சொல்லி வைத்திருந்தது.

"என்னண்ணே, வாயைத் திறந்தா சீனமா கொட்டுது!" என்று உதவியாளன் யாகூப் கிண்டலடிப்பான். பூவராகனுக்கு அதில் பெருமை வேறு.

சீனப் பொறியாளர் ஷென் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். எட்டு மாதமாக, தினமும் காலையில் பூவராகனிடம் நின்று பேசிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவார். 'ஷின்கு ல', 'மன்மன் லாய்' என்று பட்டை ஏதேதோ சொல்லும். அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டுவார். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொள்வான்.

அந்தத் திங்கட்கிழமை அவர் பேசவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. பூவராகன் வழக்கம்போலப் பல்லைக் காட்டினான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தப் பார்வை அவனை என்னவோ செய்தது. சாப்பாட்டு வேளையில், முதல்முறையாக, பட்டை சேமித்து வைத்திருந்த பேச்சுப் பதிவைப் போனில் தமிழில் திறந்தான்.

"மகளுக்கு மறுபடி ரத்தம் ஏற்றுகிறார்கள்" என்று போன மாதம் ஷென் சொல்லியிருந்தார்.

"ரொம்பச் சிரமப்படுகிறீர்கள்" என்று அவன் சொல்லியிருந்தான்.

"உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். இப்போதே ஊருக்குப் போகட்டுமா, ஒப்பந்தம் முடிந்து போகட்டுமா?"

"பதறாதீர்கள். மெதுவாக ஆகட்டும்."

"நீங்கள் சொன்னால் சரி. இருக்கிறேன்."

கடைசிப் பதிவு சனிக்கிழமையுடையது. "சற்று முன் போன் வந்தது. மகள் போய்விட்டாள்." அதற்கு அவன்: "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்." அப்போதும் தான் சிரித்துக்கொண்டு நின்றது பூவராகனுக்கு நன்றாக நினைவிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"மெஷின் சொன்னதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?" என்றான் யாகூப்.

"வாய் என்னோடதுதானேடா? சிரிச்சது நான்தானே?"

பட்டையைக் கழற்றி வீசினான். மன்னிப்புக்கு உண்டான சீன வார்த்தையைத் தேடியெடுத்து, 'துய்புச்சி, துய்புச்சி' என்று மாலைவரை முணுமுணுத்துப் பழகினான். எட்டு மாதத்தில் அவன் நாக்கு பட்டை இல்லாமல் கற்ற ஒரே சீன வார்த்தை அதுதான்.

விடுதி அறையில் ஷென் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பூவராகன் வாசலிலேயே நின்று "துய்புச்சி" என்றான். அதற்கு மேல் சீனம் இல்லை. தமிழில் உடைந்தான்.

"போக வேணாம்னு நான் சொல்லலைம்மா. நீங்க கேட்டதே எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தைகூடப் புரியாமத்தான் இத்தனை நாளா சிரிச்சுக்கிட்டு நின்னேன். பாவி நான்."

ஷென் நிமிர்ந்தார். அவர் கழுத்தில் புத்தம்புதுப் பட்டை. சீன ஊழியர்களுக்கான தமிழ்ப் பட்டைகளை நிர்வாகம் அன்று மதியம்தான் கொடுத்திருந்தது. அதை மாட்டிய கணத்திலேயே, இத்தனை நாள் தன்னிடம் பேசியதும் இப்படியொரு பட்டைதான் என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

"பரவாயில்லைங்க" என்றது அவர் குரல், துளி பிசிறில்லாத தமிழில். "அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. சாப்பிட்டீங்களா?"

மன்னித்துவிட்டாரா? அவன் சொன்னதாவது புரிந்ததா? அதைக் கேட்க அவனிடம் மொழி இல்லை. ஷென் கண்ணீர் வழிய, வாயைத் திறந்தபடி, பட்டை பேசி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.