பேர் வைக்காத வளைவு

அவனே முதலில் பேசட்டும். ஒவ்வொரு தடவையும் நானேதான் இறங்கிப் போக வேண்டுமா?

ஜீப்பிலேயே தொடங்கிய சண்டை. கணவன் அளவுநாடாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையோடு விறுவிறுவென்று நடந்தபோது, அவன் முதுகைப் பார்த்து, "போடா கொக்கு!" என்று கத்தியிருந்தாள். நெட்டைக் கால்களுக்கு அவள் வைத்த செல்லப்பேர்.

வரைபடத்துக்காகப் பள்ளத்தாக்கின் இடப்பெயர்களைக் கேட்டு எழுதுவது இருவருக்கும் வேலை. அவள் கரையில் இருந்த படகுக்காரியிடம் ஆரம்பித்தாள்.

"மாமா மடுன்னு ஏன் பேர் வந்தது?"

"யாரோ ஒருத்தி அங்க நின்னு மாமா, மாமான்னு கத்தியிருக்கா. மாமா வரலை. பேர் நின்னுடுச்சு."

"சின்னக்கா வளைவு?"

"அதுவும் அப்படித்தான். கரையில நின்னு யாரையும் கூப்பிடக் கூடாதும்மா. கூப்பிட்ட குரலை ஆறு பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் அதுவே கூப்பிடும்."

"அப்ப உங்க வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"கல்லை விட்டெறிவேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் போயிருக்காரே, அந்த வளைவுக்கு?"

படகுக்காரியின் சிரிப்பு நின்றது. "அதுக்கு இன்னும் பேர் வரலை."

நட்ட நடுப்பகலில் பனிமூட்டம் இறங்கியது. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஈரக் களிமண் நாற்றம். நீரின் சலசலப்பு அடங்கிற்று.

"கொக்கு..."

அவள் குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

"கொக்கு... இங்க வாடா..."

"வரேண்டி! கோபம் போச்சா?" மூட்டத்துக்குள்ளிருந்து கணவன் சிரித்தான். அவன் காலடி நீருக்குள் இறங்கும் ஓசை கேட்டது.

நில் என்று கத்த நாக்கு எழுந்தது. கத்தினால் அதையும் பிடித்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். இடுப்பளவு நீரில் சட்டைக் காலர் கைக்கு அகப்பட்டது.

அவனை இழுத்து வந்து ஜீப்பில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். அவன் கதவோரம் ஒண்டிக்கொண்டு அவளையே வெறித்தான்.

"தண்ணியில கூப்பிட்டதும் நீதான். இழுத்ததும் நீதான். இப்ப... நீ யாரு?"

அவள் நீட்டிய கையை அவன் தொடவில்லை.

"நீதான்னா ஒரே ஒரு தடவை கூப்பிடு. வீட்டுல கூப்பிடுவியே, அப்படி."

வெளியே ஆறு மறுபடியும் சத்தமடங்கிக் காது கொடுத்தது.

அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு, கூப்பிட மாட்டேன் என்று மெல்லத் தலையசைத்தாள்.