சாட்சி சொன்ன மூக்கு

"ஐயோ... எங்கப்பாவக் கொன்னுட்டாங்களே!"

ஜிஸ்மியின் அலறல் காந்தலூர் சரிவு முழுக்கக் கேட்டது.

ஜின்சன் வீட்டு சோபாவில் மல்லாந்து கிடந்தார் அவள் அப்பா சுவக்கீன். வாய் திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை. காலடியில் உருண்டு கிடந்தது ஒரு டம்ளர்!

ரத்தமில்லை... வைன். கிறிஸ்துமஸ் விருந்தாளிக்கென்று ஜின்சனின் அம்மா செபமாலையம்மாள் ஊற்றிக் கொடுத்தது. சுவக்கீன் ஒரே ஒரு மடக்குதான் குடித்தார். சாய்ந்துவிட்டார்!

ஜின்சன் பதறிப்போய் அவரை உலுக்கினான்.

பதற மாட்டானா பின்னே? சுவக்கீன் சாதாரண ஆளில்லை. மதுவிலக்கு சபைத் தலைவர். ஜின்சன் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஜிஸ்மியைப் பெற்றவர். ஐந்து நிமிடம் முன்பு வரை அதே சோபாவில் உட்கார்ந்து அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது.

லிஸ்பனில் முதியோர் இல்லத்தில் வேலை ஜின்சனுக்கு. கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்திருக்கிறான். அவன் அறைக்குக் கீழே ஒரு சின்ன வைன் பார். சாயங்காலம் ஆனால் ஆள் அங்கேதான். தெருக்காரக் கிழவர்கள் சீட்டாடுவார்கள். கடைக்கார அம்மாள் ஒரு தட்டு ஆலிவ் காயை நகர்த்தி வைப்பாள். நம் கஞ்ச மகாப்பிரபு ஒரே ஒரு கிளாஸை இரண்டு மணி நேரம் மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பான். குடிப்பது கடைசி ஐந்து நிமிடத்தில்! ஊர் ஞாபகம் தொந்தரவு செய்யாத இரண்டு மணி நேரம் அது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

அதோடு நிறுத்தினானா? கிளாஸும் கையுமாகப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். யார் பார்க்கக் கூடாதோ, அவர்தான் முதலில் பார்த்தார். புத்திசாலி!

"குடிகாரனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்!" என்று இன்று மகளோடு நேரில் வந்து வெடித்தார் சுவக்கீன்.

"இனிமே ஒரு சொட்டு தொட மாட்டேன் மாமா!" பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான் ஜின்சன்.

அப்போதுதான் செபமாலையம்மாள் டம்ளரோடு வந்தாள்...

வாசலில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. ரோந்து வந்த எஸ்.ஐ. கோமதி, அலறல் கேட்டு உள்ளே பாய்ந்தார். சுவக்கீனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"உயிர் இருக்கு. மறையூர்லேர்ந்து ஆம்புலன்ஸ் வரச் சொல்றேன். என்ன குடுத்தீங்க?"

"வைன்தான் தாயீ! நானே போட்டது..." செபமாலையம்மாள் அழுதாள்.

"விஷம் மேடம்!" ஜிஸ்மி வெடித்தாள். "எங்கப்பா பொண்ணு தர மாட்டேன்னாரு. அந்தக் கோவம்!"

கோமதி பாட்டிலில் மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றி ஜின்சனிடம் நீட்டினார்.

"குடி. உனக்கு ஒண்ணும் ஆகலன்னா விஷமில்ல."

ஜின்சன் டம்ளரைப் பார்த்தான். ஜிஸ்மியைப் பார்த்தான்.

குடித்தால் சத்தியம் போச்சு... கூடவே கல்யாணமும்! குடிக்காவிட்டால் ஜெயில்!

"மேடம்..." தொண்டையைச் செருமினான். "குடிக்காம... மோந்து பாத்துச் சொல்லட்டுமா?"

"என்ன?"

"எனக்கு அது ஒண்ணுதான் மேடம் உருப்படியாத் தெரியும்."

டம்ளரைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான்.

"மூணு வாரச் சரக்கு. வெறும் திராட்சச் சாறு மாதிரி. இதக் குடிச்சா கொசுகூட மயங்காது."

"ஏலே, பெத்தவ போட்ட வைன இப்பிடியா சொல்லுவ!" அழுகையை மறந்து சீறினாள் செபமாலையம்மாள்.

ஜின்சன் குனிந்தான். சுவக்கீன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனான்.

நிமிர்ந்தபோது முகத்தில் அப்படியொரு பிரகாசம்!

"மேடம்! இது வேற! கிராம்பு... பட்ட... வறுத்த சர்க்கர... ரெண்டு வருசம் பரணி ஜாடியில ஊறினது! லிஸ்பன்லயே இப்பிடி ஒண்ண நான் மோந்ததில்ல! மாமா வேற எங்கயோ மூக்கு முட்டக் குடிச்சிட்டு வந்திருக்காரு!"

"எங்கப்பாவா குடிப்பாரு?" ஜிஸ்மி பொங்கினாள். "காலையிலேருந்து எங்க வீட்டு வைன்தான் ஏழு டம்ளர் குடிச்சாரு. வீட்டு வைன் எப்பிடி மேடம் மதுவாகும்? பெருநாள் வைன் அது!"

அந்த நேரம் பார்த்து சுவக்கீனிடமிருந்து ஒரு குறட்டை கிளம்பியது!

கோமதி சிரிக்கவில்லை. ஜீப்புக்குப் போய் ஒரு பாட்டிலோடு திரும்பினார்.

"தம்பி, இதையும் கொஞ்சம் மோந்து பாரு."

புகழ் தலைக்கேறிவிட்டது. ஜின்சன் மூடியைத் திறந்து நீளமாக இழுத்தான்.

"அதேதான் மேடம்! அதே கிராம்பு, அதே பரணி! சந்தேகமே இல்ல!"

"நல்லது. ஒரு மாசமா இங்க ஹோம்ஸ்டேல டூரிஸ்டுங்களுக்கு யாரோ களவா விக்கிற வைன் இது. எந்த வீட்டுச் சரக்குன்னுதான் தேடிட்டிருந்தேன்."

ஜின்சனின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

பாவி மூக்கே!

"சுவக்கீன் வீட்டுல வைன் போடுறது யாரு?"

"நாந்தான்." ஜிஸ்மி தலையை நிமிர்த்தினாள். "விக்கிறதும் நாந்தான். அப்பாவுக்குத் தெரியாது. மாப்ளைக்கு மூக்கு இம்புட்டு நீளம்னு எனக்குத் தெரியாது!"

சத்தத்தில் சுவக்கீன் விழித்து எழுந்து உட்கார்ந்தார்.

"குடிகாரனுக்கு எம் பொண்ணு கெடையாது!"

"சரிங்கய்யா," என்றார் கோமதி. "களவா வைன் வித்த பொண்ணுக்கு ஜாமீன் நிக்கிறது யாரு? நீங்க இப்ப நிக்கிற நெலமையில இல்ல."

சுவக்கீன் எழ முயன்றார். சோபா திரும்பப் பிடித்து இழுத்துக்கொண்டது. விஷயம் மெல்ல மெல்ல மண்டைக்குள் இறங்கியது. மகளைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

மெதுவாக ஒரு கை மேலே போனது. ஜின்சனுடையது.

"நா... நான் நிக்கிறேன் மேடம்."

சுவக்கீன் அவன் பக்கம் திரும்பினார். பிறகு குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு கேளுங்க... மாப்ள!"

ஜின்சன் ஓடிப்போய் பேனா எடுத்தான். ஜீப்பில் ஏறிக்கொண்டே ஜிஸ்மி கத்தினாள்.

"போடுங்க... ஆனா புண்ணியமாப் போகும், அந்தப் பேப்பர மோந்து மட்டும் பாத்துராதீங்க!"