சுண்ணாம்பாய் விறைத்த புழுக்கள்

காலை ஆறு மணி. புழு வளர்க்கும் அறையில், கதவோரத் தட்டுகளில் இருந்த பட்டுப்புழுக்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. இன்னும் சில நாளில் கூடு கட்ட வேண்டியவை.

"பக்கத்து வீட்டுக்காரன் வேலைதான்! நேத்து ரோஜாவுக்கு மருந்து அடிச்சான். போலீஸுக்குப் போறேன்." கணவரின் குரல் உடைந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் மனைவி.

பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளைத் தேடிப் பிரித்து வளர்ப்பது ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் அவள் பெயரே பூஞ்சைக்காரி. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இடுக்கியால் ஒரு புழுவை எடுத்தாள்.

"விஷம்னா துவண்டுபோகும். இது சுண்ணாம்புக்கட்டி மாதிரி விறைச்சிருக்கு. ஜன்னலோரத்துல இருக்கறதெல்லாம் நல்லா மேயுது, பாருங்க. மருந்து ஜன்னல் வழியாத்தானே வரணும்?"

அவர் ஜன்னலோரத் தட்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"இங்க யார் வருவா?"

"நான் மட்டும்தான். நீயே இன்னிக்கு வரைக்கும் இந்த அறை வாசலைத் தாண்டினதில்லை."

"எழுந்ததும் என்ன செய்வீங்க?"

"உன் கண்ணாடியைத் துடைச்சு வைப்பேன். இங்க வந்து கதவோரத் தட்டைத் துடைச்சு இலை போடுவேன். அப்புறம் மத்ததை ஈரத்துணியால..."

செத்ததை எரித்து, தட்டுகளைக் கொதிநீரில் கழுவச் சொன்னாள். ஒரு புழுவை மட்டும் ஈரக்காகிதத்தில் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். இரண்டு நாளில் அதன்மேல் வெள்ளைப்பொடி பூத்தது. அதைப் பிரித்து ஒரு வாரம் வளர்த்தபோது கண்ணாடித்தட்டின் அடியில் மஞ்சள் வளையம் தெரிந்தது. செத்த வண்டொன்றிலிருந்து அவளே பிரித்தெடுத்த பூஞ்சைக்கு மட்டும்தான் அந்த வளையம் உண்டு.

அன்று மாலை கணவர் எதிரே உட்கார்ந்தாள்.

"கொன்னது என் பூஞ்சைங்க. கோட்டு, செருப்பு எல்லாம் மாத்திட்டுத்தான் வர்றேன். மூக்குக்கண்ணாடியிலயும் பூஞ்சைப்பொடி ஒட்டும்கறதை மறந்துட்டேன். அதைத் துடைச்ச துண்டாலேயே தட்டையும் துடைச்சிருக்கீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்துத் தள்ளிவைத்தார்.

"அப்ப நான்தான் கொன்னேனா?"

"இல்லைங்க." அவள் கண் நிறைந்தது. "நான் இந்த வேலையை விட்டுடட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? அந்தப் பூஞ்சை வயலுக்குப் போனா எத்தனை பேர் விஷம் அடிக்கறதை விடுவாங்க! புழு அடுத்த தடவை வளரும்." சட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பக்கத்து வீட்டுக்கு. பாவம், அவரைப் பார்க்கறப்பெல்லாம் முறைச்சிருக்கேன். மன்னிப்புக் கேக்கணும்." வாசல்வரை போனவர் தயங்கித் திரும்பினார். "நீயும் வாயேன். தனியாப் போக வெக்கமா இருக்கு."